இடிந்தது யாருடைய வீடு? மண்சரிவுக்குப் பின் மலையகத்தின் மீட்சி

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடும் பாதைகளோடும் இறங்கி வந்தன. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. கட்டடங்களுக்கும் உட்கட்டமைப்புக்கும் நேர்ந்த நேரடிச் சேதத்தை உலக வங்கி ஏறத்தாழ 4.1 பில்லியன் அமெரிக்க டொலராக மதிப்பிட்டது.

அடுத்து அரசின் அறிவிப்புகள் வந்தன. வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா, முற்றாக இடிந்த வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்ட 50 இலட்சம் வரை, காணி இல்லையென்றால் வாங்க இன்னொரு 50 இலட்சம் வரை. இலங்கையில் இதற்கு முன் அனர்த்தத்துக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். ஆனால் மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய அறைகளில், இருப்பவருக்கு அது யாருடைய பெயரில், எந்த அலுவலகத்தின் வழியாக வரும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. புயலைவிட மிகப் பழைய சிக்கல் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது எங்கிருந்து தொடங்குகிறது, மீட்சியை எந்த இடத்தில் மறிக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் மூன்று சொற்கள்

செய்திகளில் நிவாரணம், மீட்சி, தாங்குதிறன் மூன்றும் ஒன்றாகப் புழங்குகின்றன. மூன்றும் வேறு வேறு.

1. நிவாரணம்: உயிரோடு வைத்திருப்பது. சமைத்த உணவு, உலர் உணவுப் பொதி, பாய், தற்காலிக முகாம். நாட்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பது.

2. மீட்சி: இழந்த வீட்டையும் வருமானத்தையும் திரும்பப் பெறுவது. மாதங்கள், பெரும்பாலும் வருடங்கள் பிடிக்கும்.

3. தாங்குதிறன்: அடுத்த அடி விழும்போது முந்தைய அளவுக்குச் சரியாமல் நிற்கும் வலு. சேமிப்பு, பாதுகாப்பான நிலம், நேரத்துக்கு வரும் எச்சரிக்கை, கடன் கொடுக்க ஆள் எல்லாம் இதில் அடங்கும்.

நிவாரணத்துக்கு ஆள் இருந்தால் போதும். பசித்தவர் வரிசையில் நிற்கிறார், பொதி கிடைக்கிறது. மீட்சிக்கு அப்படியல்ல. இழந்தது என்ன, அது உன்னுடையதுதானா என்று கேட்டுவிட்டுத்தான் எந்த அரசும் பணம் கொடுக்கும். மலையகத்தின் கதை சிக்குவது இந்த இரண்டாவது கேள்வியில்.

மலை ஏன் இறங்குகிறது

மலைச்சரிவில் பாறைக்கு மேல் கிடக்கும் மண் தன் எடையாலேயே எப்போதும் கீழே இழுபட்டுக்கொண்டிருக்கிறது. மண்துகள்களின் பிடிப்புதான் அதை நிறுத்தி வைக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி இடைவெளிகளை நிரப்பும்போது மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்பு தளர்கிறது. ஒரு கட்டத்தில் முழுச்சரிவும் கழன்று வருகிறது. சரிவை வெட்டித் தட்டையாக்கி லயம் கட்டிய இடமும், பழைய சரிவில் இறங்கிய தளர்மண் குவிந்த இடமும் கூடுதல் ஆபத்தானவை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்து மூன்று படிநிலைகளில் எச்சரிக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தோட்டங்களில் மழையை அளந்து எழுதி வைப்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். தேயிலைக்கு மழைக் கணக்கு தேவை என்பதால் தோட்டத்து ஆபிசில் மழைமானி இருக்கும், கொப்பியும் இருக்கும். ஆனால் அந்தக் கொப்பியில் இரவோடு இரவாக எந்த எண் ஏறியது என்பது கீழே உள்ள லயத்தில் தூங்குபவருக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து வரும் அறிவித்தல் தமிழில் தாமதமாக வருகிறது, சில நேரம் வருவதேயில்லை என்ற குறை டித்வாவின்போதும் பரவலாகப் பேசப்பட்டது.

இன்னொன்று, கான், அதாவது வடிகால். மலைக்குக் குறுக்கே வெட்டிய கான்கள்தான் மழைநீரைச் சரிவுக்குள் இறங்கவிடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் சேர்ப்பவை. கான் வெட்டுவதும் தூர் எடுப்பதும் ஒரு காலத்தில் தோட்டத்தின் வழக்கமான வேலை. ஆள் குறைந்து செலவைச் சுருக்கும்போது முதலில் நிற்பது இப்படி உடனடி வருமானம் தராத வேலைகள்தான். மண்சரிவைத் தடுக்கும் வழிகளில் இதைவிட மலிவானது ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை; திட்ட அறிக்கைகளில் ஏனோ இதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

சட்டத்தின் கண்ணில் லயம்

லயம் வீடாகக் கட்டப்பட்டதல்ல. வேலைக்கு வந்தவரைத் தங்கவைக்கும் கொட்டகையாகக் கட்டப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா (அறை), முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு (திண்ணை), இப்படி வரிசையாக. ஐந்து தலைமுறை அதில் பிறந்து வளர்ந்த பின்பும் சட்டத்தில் அதன் இடம் பெரிதாக மாறவில்லை.

காரணம், நிலத்தின் கைமாற்றம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாகி 2045 வரை நீள்கிறது. ஆக, நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, கூரையைத் தன் செலவில் மாற்றி, சீமெந்து பூசி, பின்னால் குசினி இறக்கியவர் குடும்பத்துக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை.

மேலே ஒரு வரலாற்றுச் சுமையும் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் பிரச்சினை சட்டப்படி முழுமையாகத் தீர 2003 வரை ஆனது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி கிடைக்காது என்பதால், நாட்டின் மற்றக் கிராமங்களில் காணிப் பங்கீடு நடந்த பல பத்தாண்டுகளில் தோட்டத்து மக்கள் அந்த வரிசையிலேயே நிற்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். லயத்துக்குப் போகும் பாதை உடைந்தால் 'அது தோட்டத்துப் பாதை' என்று சபையும், 'குடியிருப்புக்குப் போகும் பாதைதானே' என்று கம்பனியும் கைகாட்டியதன் வேர் இங்கே இருக்கிறது.

விண்ணப்பம் எங்கெங்கே நிற்கும்

ஒரு குடும்பத்தின் காம்பரா மண்ணுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நட்டஈடு வரும் வழியில் அது தாண்ட வேண்டியவை:

1. உரிமை. விண்ணப்பத்தில் வீட்டின் உரிமையாளர் யார் என்ற கட்டம் இருக்கும். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. 'குடியிருப்பவர்' என்பதற்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். வேலையை விட்டவர், ஓய்வுபெற்றவர், வெளியில் வேலை செய்பவர் என்றால் அந்தக் கடிதமே ஒரு பேச்சுவார்த்தை. தோட்டத்தில் வசிப்போரில் இப்போது பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் அல்ல என்பதை மறக்கக்கூடாது.

2. குடும்பத்தின் எண்ணிக்கை. ஒரே காம்பராவில் தாய் தகப்பன், கல்யாணமான மகன், அவன் பிள்ளைகள். இடிந்தது ஒரு வீடா, இரண்டா? ஒன்று என்று எழுதினால் புது வீட்டிலும் அதே நெரிசல்.

3. அலுவலகம். 2012 கணக்கெடுப்பின்படி அம்பகமுவ, நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள். அதே மாவட்டத்தின் ஹங்குராங்கெத்தையில் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. பிரிவுகளைப் பிரிக்கும் கோரிக்கை இதனால்தான் எழுந்தது. சாதாரண நாளிலேயே வரிசை நீளமான அலுவலகம், அனர்த்தத்துக்கு மறுநாள் என்ன ஆகும்?

4. முகவரி. பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். 'பதினான்கு நாட்களுக்குள் சமுகமளிக்கவும்' என்ற கடிதம் பதினாறாம் நாள் கைக்கு வருவது புதிதல்ல.

5. மாற்றுக் காணி. மற்றதெல்லாம் சரியாகிவிட்டாலும் கட்ட இடம் வேண்டும். 50 இலட்சத்தோடு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தனியார் காணி தேடலாம்; கிடைத்தாலும் வேலைத்தலம் எட்டாத தூரம். தோட்டத்துக்குள்ளேயே என்றால் கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும், அரசு குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும், ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் சரியாது என்று சான்று தர வேண்டும். மூன்று கையெழுத்து, மூன்றும் வேறு வேறு ஊரில்.

ஐந்தாவதில்தான் பெரும்பாலான கோப்புகள் தூசு பிடிக்கின்றன. பணம் ஒதுக்குவது ஒரு அமைச்சரவைத் தீர்மானம். காணி ஒதுக்குவது யாரோ ஒருவர் தன் கையிலிருப்பதை விடுவது.

மீரியபெத்தை சொல்லித்தந்தது

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, சொன்னதைக் கேட்காமல் இருந்துவிட்டார்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். எழுதியவர்கள் கேட்காத கேள்வி: எங்கே போகச் சொன்னார்கள்? காம்பராவை விட்டு வெளியேறினால் தோட்டத்தில் வேறு காம்பரா இல்லை. ஊரில் காணி இல்லை. எச்சரிக்கையோடு ஒரு துண்டு நிலமும் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். போக இடமில்லாதவருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை, சொன்னவரின் பொறுப்பைத்தான் கழிக்கும்.

உயிர் தப்பியவர்கள் மாகல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்கவைக்கப்பட்டார்கள். பூனாகலைப் பக்கம் கட்டிய 75 வீடுகள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம் போனது. அந்தக் காலத்தில் அவர்களுக்கு உணவும் உடையும் குறைவின்றி வந்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும். லொறி லொறியாக வந்தன. நிவாரணம் தளும்பி வழிந்தபோதும் மீட்சி காணிக்காகக் காத்திருந்தது. அதே பூனாகலைப் பகுதியின் கபரகலை தோட்டத்தில் 2023 மார்ச்சில் மீண்டும் மண் சரிந்தது.

வருமானம்: அடி மேல் அடி

வீட்டுக்கு அடுத்தது வயிறு. இங்கே கணக்கு சற்றுச் சிக்கலானது. டித்வா ஒரு நலமான பொருளாதாரத்தின் மேல் விழுந்த அடியல்ல.

2019 கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை விகிதம் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8. அடுத்த வருடம் கொவிட். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. அந்த வருட முடிவுக்குள் தடை நீங்கினாலும் செடி பட்டினி கிடந்தது கிடந்ததுதான். 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனாக இறங்கியது. கொழுந்து குறைந்தால் தொழிலாளிக்கு என்ன? நிர்ணயித்த கிலோ வராவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம், கிடைக்காது, அரைப்பேர்தான். அதே 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் அதையும் மிஞ்சியது. அடகு வைக்க இருந்த நகை அந்த வருடமே போய்விட்டது. 2025இல் மலை சரிந்தபோது பல குடும்பங்களின் கையில் விற்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

சம்பளம் ஏறவில்லையா? ஏறியது. அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசு தரும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்றது. ஆனால் இது நாட்சம்பளம். மலைக்குப் போகும் பாதை இல்லை என்றால் வேலை இல்லை. வேலைக்கு வராதவருக்கு நாளும் இல்லை, 'வரவு' என்ற பெயரிலேயே இருக்கும் அந்தக் கொடுப்பனவும் இல்லை. அனர்த்த மாதத்தில்தான் சம்பளம் மிகக் கீழே விழுகிறது என்பது இந்த முறையின் அமைப்பிலேயே இருக்கிறது.

சரிந்த தேயிலை மலையை மீண்டும் நட்டாலும் கன்று கொழுந்து தர மூன்று நான்கு வருடம். மரக்கறித் தோட்டம் வேறு; கரட்டும் லீக்சும் சில மாதங்களில் பணமாகும். அதனால்தான் நுவரெலியாப் பக்கம் முதலில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் மரக்கறிக்காரர்களாக இருக்கிறார்கள். அவர்களிலும் தோட்டத்து ஓரத்தில் வாய்ப்பேச்சு அனுமதியோடு பயிரிடுபவருக்கு வங்கிக்கடன் இல்லை. இங்கேயும் அதே காகிதம்.

சீட்டும் சங்கமும் எதுவரை தாங்கும்

வெளியிலிருந்து வருபவர்கள் மலையகத்தில் 'சமூகக் கட்டமைப்பை உருவாக்க வேண்டும்' என்று பட்டறை வைப்பதுண்டு. அது ஏற்கனவே இருக்கிறது. மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, பெண்கள் பிடிக்கும் சீட்டு, தோட்டத் தலைவர், கடன் எழுதும் கடைக் கொப்பி. சாவு வீட்டுக்குக் கூடாரமும் கதிரையும் யார் சொல்லியும் வருவதில்லை, தானாக வருகின்றன.

ஆனால் இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. இடர்களை இரண்டாகப் பிரிக்கலாம்: ஒரு வீட்டுக்கு மட்டும் வருவது, எல்லா வீட்டுக்கும் ஒரே இரவில் வருவது. சீட்டும் சங்கமும் முதல் வகைக்காக உருவானவை. இருபது வீட்டில் ஒரு வீட்டில் சாவு என்றால் பத்தொன்பது வீடு தாங்கும். இருபது வீடும் மண்ணுக்குள் போனால் யார் யாரைத் தாங்குவது? சீட்டுக் கட்டுபவர், சீட்டு எடுத்தவர், கடைக்காரர் எல்லோரும் ஒரே முகாமில். அப்போது ஒரே துணை, அந்தச் சரிவுக்கு வெளியே இருப்பவர்கள். கொழும்புக் கடையில் நிற்கும் மகன், வளைகுடாவில் வேலை செய்யும் மகள், அரசாங்கம்.

உள்ளூர் அமைப்பு தானாகவே எழுந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. வெளிப்பணம் வந்து, அதைப் பங்கிடும் வேலை உள்ளூர்ச் சங்கத்திடம் இருந்தால் நன்றாக நடக்கும். யார் வீட்டில் எத்தனை குடும்பம், யார் முகாமில் பெயர் கொடுக்காமல் உறவினர் வீட்டில் இருக்கிறார் என்பது மரண உதவிச் சங்கத்தின் கொப்பிக்குத் தெரியும், பிரதேச செயலகத்துக்குத் தெரியாது.

எந்த வரிசையில் செய்தால் பலிக்கும்

1. முதல் வாரத்துக்குப் பிறகு பொதியைக் குறைத்துப் பணமாகக் கொடுப்பது. அந்தப் பணம் முதலில் கடைக் கொப்பியை அடைக்கப் போகும். அதைப் பார்த்து 'கடனுக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்று குறைசொல்பவர்கள் உண்டு. கடன் அடைந்தால்தான் கடைக்காரர் சரக்கு எடுப்பார், அடுத்த மாதம் மறுபடி கடன் கொடுப்பார். அந்த ஒரு கடை திறந்திருப்பது ஐம்பது குடும்பத்தின் மீட்சி.

2. கான் வெட்டவும் பாதை திருத்தவும் பாதிக்கப்பட்டவர்களையே நாட்கூலிக்கு எடுப்பது. மலையில் வேலை இல்லாத வாரங்களுக்கு வருமானமும் ஆகும், அடுத்த மழைக்கு முன் நீர்வழியும் திறக்கும். கவனிக்க வேண்டியது காலம்: ஹட்டன், மஸ்கெலியாப் பக்கச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவம் மே மாதம் தொடங்குகிறது, பதுளைப் பக்கமான ஊவாவுக்கு ஒக்டோபருக்குப் பின் வரும் மழைதான் ஆபத்து. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாட்காட்டி சரிவராது.

3. காணியை அனர்த்தத்துக்கு முன்பே பிரித்து வைப்பது. சரியாத இடம் எது என்று அளந்து, குத்தகையிலிருந்து விடுவித்து, வரைபடத்தில் குறித்து வைத்திருந்தால் இரண்டு வருடம் இரண்டு மாதமாகும். 2015க்குப் பின் வந்த திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி என்று முடிவானது. இந்திய உதவியுடன் முதலில் கட்டிய தனிவீடுகள் இந்த அளவில் எழுந்தன. அளவு போதாது என்ற வாதம் நியாயமானது. இருந்தாலும் உறுதி கைக்கு வராத 20 பேர்ச்சஸைவிட உறுதியோடு வரும் 7 பேர்ச்சஸுக்கு வங்கியில் மதிப்பு உண்டு. வீடு கொடுத்து உறுதியைத் தாமதப்படுத்துவது பழைய லயத்தைப் புதுச் சுவரோடு கட்டுவதுதான்.

4. உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும். கொழுந்தெடுப்பவர் பெரும்பாலும் பெண். சீட்டுக் கட்டுவதும் அவர்தான். நட்டஈட்டு வங்கிக் கணக்கு மட்டும் ஆணின் பெயரில் திறக்கப்படுகிறது.

5. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு மழைமானி, அதைப் பார்க்க இருவர், அடிக்க ஒரு மணி. ஆராய்ச்சி நிறுவனம் சமூகங்களுக்குத் தரும் எளிய மழைமானிக்கு மின்சாரமோ சிக்னலோ தேவையில்லை. கூடவே மலை தரும் அடையாளங்களும் இருக்கின்றன: நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், சட்டென்று கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று, நேற்று மூடிய கதவு இன்று இறுகிப்போவது. இதில் ஒன்றைக் கண்டால் 150 மில்லிமீற்றர் ஆகட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், அரசின் அஸ்வெசும நலன்புரி உதவிப் பதிவு ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். மழை விட்ட பிறகு கிராம உத்தியோகத்தர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.